4294967297 பகா எண்ணா, இல்லையா?

கேள்வி: 2^32 + 1 = 4294967297. 2-ஐ அடியாக வைத்து பெர்மா சோதனை போட்டால் (n பகா எண்ணானால் 2^(n−1)-ஐ n-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும்; இங்கே n = 4294967297) மீதி 1 வருகிறது. அப்படியானால் பகா எண்தானே? கையாலேயே சரிபார்க்க வழி உண்டா?

பதில் 1: இல்லை, 641 × 6700417. கணிதவியலாளர் ஆய்லர் 1732-இல் கண்டது. இந்த எண்ணுக்கு அடி 2 வேண்டவே வேண்டாம். 2^32 ≡ −1 (≡ என்றால் n-ஆல் வகுக்கும்போது இரு பக்கமும் ஒரே மீதி), அதனால் 2^64 ≡ 1; n−1 = 2^32 என்பது 64-இன் மடங்கு. மீதி 1 வந்தே தீரும், சோதனை எதையும் சொல்லவில்லை.

கையால் பார்க்க: இதன் பகாக் காரணி எதுவும் 128k + 1 வடிவில்தான் இருக்கும். 129, 385, 513 பகு எண்கள். 257-ஆல் வகுத்தால் மீதி 2. அடுத்தது 641, அவ்வளவுதான்! வகுக்கவும் வேண்டாம்: 641 = 5·2^7 + 1 = 5^4 + 2^4. இப்போது ≡ என்பது 641-ஆல் வகுக்கும் மீதிக்கு. முதலாவதிலிருந்து 5·2^7 ≡ −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4·2^28 ≡ 1. இரண்டாவதிலிருந்து 5^4 ≡ −2^4, அதனால் 5^4-க்குப் பதில் −2^4 போடுங்கள்: −2^32 ≡ 1. அதாவது 2^32 + 1-ஐ 641 மீதியின்றி வகுக்கும்.

பதில் 2: இந்தச் சோதனைக்கு 64 பிட் குறியில்லா முழு எண்ணில் (2^64 − 1 வரைதான் கொள்ளும்) நிரல் எழுதுபவர்கள் கவனிக்க. 2-இல் தொடங்கி வர்க்கம் எடுத்துக்கொண்டே போனால் ஆறாவது படியில் (2^32)^2 = 2^64 நிரம்பி வழிந்து 0 ஆகிவிடும். மீதி 1 வராததால் நிரல் 'பகு எண்' என்று சரியான விடையையே தரும், காரணம்தான் தப்பு.

கேள்வி கேட்டவர்: 6700417 பகா எண்ணா?

பதில் 1: ஆம். வர்க்கமூலம் 2588 சொச்சம். இதன் பகாக் காரணிகளும் 128k + 1 வடிவம்தான், 257 ஏற்கெனவே கழிந்தது; அதனால் அதற்குள் 641, 769, 1153, 1409 மட்டும் பார்த்தால் போதும். மீதிகள் 44, 120, 334, 622.