உயர் குரோமியம் வார்ப்பிரும்பு: வெப்பநிலையைக் கூட்டியும் கடினத்தன்மை குறைவது ஏன்?

கேள்வி: ஓசூர் வார்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். ஓசூரை அடுத்து நாங்கள் நடத்தும் சிறிய வார்ப்பகத்தில் 500 கிலோ கொள்ளளவுள்ள இண்டக்‌ஷன் உலை ஒன்றும், வெப்பப் பதப்படுத்தலுக்கான மின்னுலை ஒன்றும் உள்ளன. பல ஆண்டுகளாக வாகன உதிரிபாகங்களுக்கான சாம்பல் வார்ப்பிரும்பை மட்டுமே வார்த்துவந்தோம். கிருஷ்ணகிரி, சூளகிரிப் பக்கத்து எம் சாண்ட் ஆலைகள் கேட்டுக்கொண்டதால், எட்டு மாதங்களாக இம்பேக்ட் கிரஷர்களுக்கான புளோ பார்களை (சுழன்று கல்லை அடித்து உடைக்கும் கனத்த பட்டைகள்) உயர் குரோமியம் வெள்ளை வார்ப்பிரும்பில் செய்துதருகிறோம். ஒரு பாரின் நீளம் 900 மி.மீ., அகலம் 250, கனம் 90; எடை ஏறக்குறைய 155 கிலோ.

நாங்கள் வகுத்துக்கொண்ட கலவை: கார்பன் 2.8, குரோமியம் 26, சிலிக்கான் 0.7, மாங்கனீசு 0.9, மாலிப்டினம் 0.5 சதவீதம். 1020 டிகிரி செல்சியஸில் ஐந்து மணி நேரம் வைத்திருந்து, வெளியே எடுத்து, மின்விசிறிக் காற்றில் ஆறவிடுகிறோம். முதல் ஆறு மாதங்களில் கடினத்தன்மை, அதை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60, 61 என்று தடையின்றிக் கிடைத்தது. கடந்த இரண்டு மாதங்களாக 53, 54க்கு மேல் ஏறவில்லை. சூடு போதவில்லை என்று கருதி வெப்பநிலையை 1080 டிகிரிக்கு உயர்த்தினேன். கடினத்தன்மை 50க்கு இறங்கிவிட்டது. போதாக்குறைக்கு, கடைசியாகப் பதப்படுத்தியவற்றுள் இரண்டு பார்கள் மறுநாள் காலையில் குறுக்கே விரிசல் விட்டுக் கிடந்தன. இப்போது பதினான்கு பார்கள் முற்றத்தில் தேங்கி நிற்கின்றன. கலவையை மாதம் ஒருமுறை வெளி ஆய்வகத்தில்தான் சோதிக்கிறோம். எங்கே தவறுகிறேன் என்பதைப் பெரியவர்கள் சுட்டிக்காட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: தருமபுரி உலோகவியலர்

வெப்பநிலையை இனியும் மாற்றிப் பார்க்காதீர்கள், ஐயா. முதலில் ஒரு நல்ல காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதப்படுத்திய பின் கடினத்தன்மை குறைவதற்கு இரண்டு நேரெதிரான காரணங்கள் இருக்கக்கூடும். இரண்டுக்கும் மருந்து வேறுவேறு என்பதால், எது என்று தெரியாமல் கைவைத்தால் உங்களுக்கு நேர்ந்ததுபோலவே நிலைமை மோசமாகும்.

இந்த இரும்பில் நடப்பது இதுதான். நீங்கள் சொல்லும் கலவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, உருகிய உலோகம் உறையும்போதே உருவாகிவிடும் குரோமியம் கார்பைடு. அது நம் பக்கத்துப் பாறையிலுள்ள குவார்ட்சைவிடக் கடினமானது. தேய்மானத்தைத் தாங்குவதும் முதன்மையாக அதுதான். வெப்பப் பதப்படுத்தல் அதைப் பெரிதாக மாற்றுவதில்லை. மாறுவது, அந்தக் கார்பைடுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் அடித்தளம். வார்த்தவுடன் அந்த அடித்தளம் பெரும்பாலும் ஆஸ்டனைட்டாக (இரும்பு உயர் வெப்பத்தில் கொள்ளும், ஒப்பளவில் மென்மையான அமைப்பு) இருக்கும்; அளவுக்கு மீறிய கார்பனும் குரோமியமும் அதில் கரைந்திருப்பதால் ஆறிய பிறகும் அது மார்ட்டன்சைட் என்ற மிகக் கடினமான அமைப்பாக மாறாமல் அப்படியே நின்றுவிடும். அதை ஆயிரம் டிகிரியை ஒட்டிச் சில மணி நேரம் வைத்திருக்கும்போது, கரைந்திருந்த கார்பனும் குரோமியமும் நுண்ணிய இரண்டாம் நிலைக் கார்பைடுகளாகப் பிரிந்து வெளிவருகின்றன. கார்பன் குறைந்த ஆஸ்டனைட்டின் உருமாற்றம் அறை வெப்பநிலைக்கு மேலேயே தொடங்குவதால், காற்றில் ஆறும்போது அது மார்ட்டன்சைட்டாக மாறுகிறது.

வெப்பநிலையைக் கூட்டக் கூட்ட, வெளியே வரவேண்டிய கார்பன் மீண்டும் ஆஸ்டனைட்டிலேயே கரைந்து தங்கிவிடும். கார்பன் கூடிய மார்ட்டன்சைட் இன்னும் கடினமானது; ஆகவே ஓர் அளவு வரை கடினத்தன்மை ஏறும். உச்சியைத் தாண்டியதும், மார்ட்டன்சைட்டாக மாறாமல் எஞ்சிய ஆஸ்டனைட் பெருகி, கடினத்தன்மை இறங்கத் தொடங்கும். 1080இல் உங்களுக்கு 50 வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் மற்றொரு வாய்ப்பும் உண்டு: ஆறும் வேகம் போதாமலோ, மாலிப்டினம் குறைந்தோ அடித்தளம் பேர்லைட் என்ற மென்மையான அமைப்பாக மாறியிருக்கலாம். இடையில் மின்தடை ஏற்பட்டு, பார்கள் மூடிய உலைக்குள்ளேயே மெதுவாக ஆறினாலும் இதே விளைவுதான்.

ஆஸ்டனைட்டைக் காந்தம் இழுக்காது. பேர்லைட்டையும் மார்ட்டன்சைட்டையும் நன்றாக இழுக்கும். முன்பு 60 வந்த பழைய பார் ஒன்றையும் இப்போதைய பார் ஒன்றையும் அருகருகே வைத்து, ஒரே காந்தத்தால் ஒப்பிடுங்கள். கடினத்தன்மை குறைந்திருந்தும் காந்தம் வலுவாகப் பிடித்தால் பேர்லைட். தளர்வாகப் பிடித்தால் எஞ்சிய ஆஸ்டனைட். ஒன்றை மறவாதீர்கள். உலையிலிருந்து வந்த மேற்பரப்பில் செதிளும், கார்பன் இழந்த மெல்லிய தோலும் இருக்கும். இரண்டுமே காந்தத்தை இழுத்து ஏமாற்றும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு, சூடேறாதபடி மென்மையாகச் சாணைபிடித்த பிறகே காந்தத்தையும் கடினத்தன்மையையும் பாருங்கள்.

பதில்: பர்கூர் வார்ப்பாளர்

விரிசலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் பட்டவன் நான். வெள்ளை வார்ப்பிரும்பு வெப்பத்தை மெதுவாகவே கடத்தும்; குளிர்ந்த நிலையில் சற்றும் நெகிழாது. 90 மி.மீ. கனமுள்ள பாரின் தோல் சூடேறி விரியும்போது நடுப்பகுதி இன்னும் குளிர்ந்தே இருக்கும். எனவே மங்கிய சிவப்பு தெரியும் 650 டிகிரி வரை மிகமிக மெதுவாக ஏற்ற வேண்டும். சிக்கலான வடிவங்களுக்கு மணிக்கு 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. உங்கள் பார் எளிய வடிவம் என்பதால் மணிக்கு 50 வரை தாங்கும் என்பது என் அனுபவம். 650ஐத் தாண்டிய பின் வேகமாக ஏற்றலாம். மின்கட்டணத்தை நினைத்து இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைச் சுருக்குபவர்கள், அந்தக் கட்டணத்தைப் போலப் பலமடங்கை உடைந்த பார்களாகத் திருப்பிச் செலுத்துகிறார்கள்.

ஆறவிடுவதிலும் ஒரு நுணுக்கம் உள்ளது. 550, 600 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரைதான் பலமான காற்று தேவை. பேர்லைட் உருவாகும் ஆபத்து அங்கேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் விசிறியை நிறுத்திவிட்டு, காற்றோட்டமில்லாத இடத்தில் அமைதியாக ஆறவிடுங்கள். மார்ட்டன்சைட் உருவாகும்போது இரும்பு சற்றுப் பருக்கும். அந்த நேரத்திலும் தோலைக் குளிரவைத்துக்கொண்டிருந்தால் உள்ளே இழுவிசை ஏறி விரிசலில் முடியும். அறை வெப்பத்துக்கு வந்தவுடன், மறுநாள் வரை காத்திராமல், 200 முதல் 230 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் மீண்டும் சூடாக்கி, உள்விசையைத் தணித்து, டெம்பர் செய்துவிடுங்கள். நீங்கள் டெம்பர் செய்வதாக எழுதவே இல்லை என்பதைக் கவனித்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில், எங்கள் கொட்டகையின் ஓரத்தில் நான்கு பார்களை ஆறவைத்திருந்தோம். திடீரென்று பெய்த மழையின் சாரல் ஓரத்துப் பார்மீது தெறித்தது. கருஞ்சிவப்பு அடங்கி, கையை அருகே கொண்டுபோனால் அனல் அடிக்கும் நிலையில்தான் அது இருந்தது. ‘டிங்’ என்று, வெண்கலத் தட்டைச் சுண்டியதுபோல ஓர் ஒலி, அவ்வளவுதான். காலையில் பார்த்தபோது சாரல் பட்ட விளிம்பிலிருந்து மயிரிழைபோன்ற கோடு மறுபக்கம் வரை ஓடியிருந்தது. அன்றே கொட்டகையின் அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டோம். ரைசரை (வார்ப்போடு ஒட்டி நிற்கும், உறையும்போது உலோகம் ஊட்டும் கூடுதல் பகுதி) கேஸ் கட்டரால் அறுக்கும் வழக்கம் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். கழுத்தைக் குறுக்கி வார்த்து, பதப்படுத்துவதற்கு முன்பே தட்டி எடுப்பதே இந்த இரும்புக்கு ஏற்றது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: ஓசூர் வார்ப்பாளர்

இருவருக்கும் நன்றி. சாணைபிடித்த பிறகு காந்தத்தை வைத்துப் பார்த்தேன். பழைய பாரிலிருந்து அதைப் பிரித்தெடுக்க விரல்களுக்கு வலு வேண்டியிருந்தது; புதிய பாரில் அது நழுவி விழாமல் நிற்கிறதே தவிர, சுண்டுவிரலால் தள்ளினாலே நகர்கிறது. ஆகவே எஞ்சிய ஆஸ்டனைட்தான்.

அவசரமாகக் கலவையையும் சோதித்தேன். மற்றவை எல்லாம் ஏறக்குறையத் திட்டமிட்டபடியே உள்ளன. மாங்கனீசு மட்டும் 1.8 சதவீதம். இது எப்படி வந்தது என்று உருக்குபவரிடம் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. இரண்டு மாதங்களாக, கல் ஆலைகளிலிருந்து மலிவாகக் கிடைத்த தேய்ந்த ஜா பிளேட்டுகளை (ஜா கிரஷரில் கல்லை நெரிக்கும் தாடைத் தகடுகள்) உடைத்து, உலையில் ஒருமுறை இடும் ஒவ்வொரு 500 கிலோ சார்ஜிலும் 40 கிலோ வரை சேர்த்திருக்கிறார்கள். அவரைக் குறைசொல்ல மாட்டேன். நல்ல ஸ்டீல் ஸ்கிராப் என்று சொல்லி வாங்கிக்கொடுத்தவன் நான்தான்.

பதில்: தருமபுரி உலோகவியலர்

கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஜா பிளேட்டுகள் ஆங்கிலேய உலோகவியலர் ஹாட்ஃபீல்டு 1882இல் கண்டறிந்த மாங்கனீசு எஃகு; அதில் 11 முதல் 14 சதவீதம் மாங்கனீசு இருக்கும். 12 என்று வைத்துக்கொண்டாலும், 40 கிலோவில் 4.8 கிலோ, 500 கிலோவுக்கு அது ஏறக்குறைய ஒரு சதவீதம். ஆஸ்டனைட்டை மாறவிடாமல் பிடித்துவைப்பதில் மாங்கனீசு மிக வலிமையானது. ஜா பிளேட்டைக் காந்தம் இழுக்காததற்கும் அதுவே காரணம். இனி வரும் ஸ்கிராப்பையும் காந்தத்தால் தொட்டுப் பார்த்தே சார்ஜில் சேருங்கள். ஒட்டாத துண்டைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

தேங்கிய பதினான்கு பார்களைக் காப்பாற்றலாம். 23 முதல் 30 சதவீதம் குரோமியம் உள்ள வகைக்கு 1010 முதல் 1090 டிகிரி என்று கையேடுகள் கூறும். மாங்கனீசு இவ்வளவு ஏறிய உங்கள் கலவைக்கு அந்த வரம்பின் அடிப்பகுதியோ, அதற்கும் சற்றுக் கீழோதான் ஏற்றதாக இருக்கும். உடைந்த பாரிலிருந்து துண்டுகள் எடுத்து 980, 1010, 1040, 1070 ஆகிய நான்கு வெப்பநிலைகளிலும் சோதியுங்கள். சிறிய துண்டு முழுப் பாரைவிட விரைவாக ஆறிவிடும் என்பதால், துண்டில் கிடைக்கும் எண் எஞ்சிய ஆஸ்டனைட்டைப் பற்றி மட்டுமே நம்பகமானது; பேர்லைட் வருமா என்பதை முழுக் கனமுள்ள ஒரு பாரில்தான் உறுதிசெய்ய முடியும். வார்ப்புக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கிடாதீர்கள். கனத்தில் 25 மி.மீ.க்கு ஒரு மணி நேரம், எவ்வாறாயினும் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். வெப்பநிலை கீழே இருக்கும்போது கார்பைடு பிரிந்து வருவதற்குக் காலம் தேவை.

480 முதல் 550 டிகிரியில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வைத்து ஆஸ்டனைட்டைச் சிதைக்கும் மற்றொரு வழியும் உண்டு. சற்றே நேரம் மிஞ்சினால் அடித்தளம் மென்மையாகிவிடும் என்பதால், புளோ பாருக்கு அதை நான் இரண்டாவது தேர்வாகவே வைப்பேன். எஞ்சிய ஆஸ்டனைட் அடிபட அடிபட இறுகிவிடும் என்று சொல்லி இப்படியே அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப மோதல் வாங்கும் உறுப்பில் அது மேற்பரப்பிலேயே மார்ட்டன்சைட்டாக மாறிப் பருத்து, செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். தயவுசெய்து அப்படி அனுப்பாதீர்கள்.

பதில்: சூளகிரி கிரஷர் உரிமையாளர்

வாங்குபவர் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். ஜா கிரஷரில் உடைந்த பின் வரும் கல்லுக்கு மட்டுமே இந்தப் பார்கள் ஏற்றவை என்பதை விற்கும்போதே எழுதிக்கொடுங்கள். எங்கள் ஆலையில் ஒருமுறை, மண்வாரி வாளியின் பல் ஒன்று கல்லோடு கலந்து உள்ளே போனபோது, 61 கடினத்தன்மை உள்ள பார் இரண்டாக முறிந்து, உட்சுவரைக் காக்கும் லைனர் தகடுகளையும் சேர்த்துக்கொண்டு போனது. கன்வேயரின் மேல் காந்தம் பொருத்திய பிறகே உயர் குரோமியத்தை மீண்டும் நம்பத் துணிந்தோம். காந்தம் இல்லாத ஆலைக்கு நீங்களே விற்க மறுத்தாலும் தவறில்லை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: ஓசூர் வார்ப்பாளர்

முடிவுகளைப் பதிகிறேன். துண்டுகளில் 980 டிகிரிக்கு 58, 1010க்கு 57, 1040க்கு 54, 1070க்கு 51 கிடைத்தது. நேற்று முன்தினம் மூன்று முழுப் பார்களை 650 வரை மணிக்கு 50 டிகிரி வீதம் ஏற்றி, 980இல் ஆறு மணி நேரம் வைத்து, மேற்பரப்பு 550க்கு இறங்கியதும் விசிறியை நிறுத்தி, ஆறியவுடனேயே 220 டிகிரியில் நான்கு மணி நேரம் டெம்பர் செய்தேன். மூன்றும் 57க்கும் 58க்கும் இடையில் நிற்கின்றன. காந்தம் இறுகப் பிடிக்கிறது. விரிசல் எதுவும் இல்லை. ஒரு பாரின் முனையைக் குறுக்கே வெட்டி நடுப்பகுதியையும் அளந்தேன், அங்கும் 57தான். மீதமுள்ள பதினொன்றும் இன்றிரவு உலைக்குள் போகின்றன. ஜா பிளேட்டுகளை முற்றத்தின் மறு மூலைக்கு மாற்றிவிட்டோம். சார்ஜ் எடைபோடும் தராசின் அருகே ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.