எழுதியதை எழுதப்பட்டவரிடம் காட்டியாக வேண்டுமா?

தாளோரம்:
அல்புனைவு, அதாவது கற்பனை கலக்காமல் நடந்ததை எழுதும் எழுத்து, மட்டுமே வெளியிடும் ஒரு சிறு இதழில், வரும் படைப்புகளை முதலில் படிப்பவர்களில் நானும் ஒருத்தி. போன இதழில் ஒருவர் தன் அப்பாவின் கடைசி மாதங்களைப் பற்றி எழுதியிருந்தார். படித்த அன்றே ஆசிரியருக்குப் பரிந்துரைத்தேன். அதில் அவருடைய அண்ணன் இரண்டே இடங்களில் வருகிறார். இரண்டிலும் வாசலில், செருப்பைப் போட்டபடி நிற்கிறார். அவ்வளவுதான்.

இதழ் வெளியான பிறகு அந்த அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. கோபமே இல்லாத கடிதம். 'இரவு முழுக்க அப்பாவின் பக்கத்தில் இருந்தது நான். காலையில் தம்பி வரும்போது வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். அவன் பார்த்தது அதை மட்டும்தான்.'

தம்பி எழுதியதில் பொய் ஒரு வரிகூட இல்லை. எந்தத் தகவல் சரிபார்ப்பிலும் இது அகப்பட்டிருக்காது. அச்சுக்குப் போகும் முன் அண்ணன் ஒருமுறை படித்திருந்தால் தெரிந்திருக்கும். இனி எழுதுபவர்கள், தங்கள் கட்டுரையில் அடையாளம் தெரியும்படி வருகிற, உயிரோடு இருக்கிற ஆட்களிடம் இறுதி வடிவத்தைக் காட்ட வேண்டும் என்று விதி வைக்கலாம் என்பது என் கருத்து. ஆசிரியர் குழுவில் பாதிப்பேர் எதிர்க்கிறார்கள். இங்கே எழுதுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள்?

வடகரை:
கடுமையாக எதிர்க்கிறேன். 'காட்டு' என்று தொடங்குவது கொஞ்ச நாளில் 'ஒப்புதல் வாங்கு' என்று ஆகிவிடும். அண்ணன் ஒரு பத்தியை மாற்றச் சொல்வார், அக்கா ஒரு வரியை எடுக்கச் சொல்வாள். கடைசியில் இதழுக்கு வந்து சேர்வது ஒரு குடும்பமே கூடி உட்கார்ந்து எழுதிய இரங்கல் குறிப்பாக இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். அடித்த கணவனைப் பற்றி ஒரு பெண் எழுதுகிறாள். சிறுவயதில் தன்னைச் சீண்டிய உறவினரைப் பற்றி ஒருவர் எழுதுகிறார். அவர்கள் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? இப்படிப்பட்ட விதி இருந்தால் அவர்கள் உங்கள் இதழுக்கு அனுப்பவே மாட்டார்கள். யார் அனுப்பாமல் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியவும் வராது.

பிரெஞ்சு எழுத்தாளர் அன்னி எர்னோவின் அப்பா இறந்தது 1967இல். அவரைப் பற்றிய நூல் வந்தது 1983இல். பெற்றவர்கள் போன பிறகுதான் எழுத முடிகிறது என்பது பல பேருடைய அனுபவம். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதவே ஒருவர் எவ்வளவு துணிய வேண்டியிருக்கிறது! அதற்கு மேல் நாமும் ஒரு பாரத்தை ஏற்ற வேண்டாம்.

மெய்ப்புப் பார்ப்பவர்:
வடகரை சொல்லும் ஆபத்து உண்மை, மறுக்கவில்லை. ஆனால் இது தாளோரம் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. 1993இல் அமெரிக்காவில் இந்த வகை எழுத்துக்கென்றே ஓர் இதழைத் தொடங்கிய லீ குட்கைண்ட், எழுதுபவர்களுக்குச் சில அறிவுரைகள் சொல்லியிருக்கிறார். நினைவில் இருக்கும் உரையாடலுக்கும் கற்பனையாக இட்டுக்கட்டிய உரையாடலுக்கும் வேறுபாடு தெரிந்து எழுதுங்கள், தேவையில்லாமல் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒரே ஆளாக்காதீர்கள் என்பவற்றோடு இதுவும் இருக்கிறது: உங்கள் எழுத்தில் வருகிறவர்கள் தங்கள் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுங்கள், குறைந்தது நீங்கள் எழுதியதைப் படிக்கவாவது விடுங்கள்.

அமெரிக்க எழுத்தாளர் மேரி காரும் தன் நினைவுக் குறிப்புகளில் வருகிறவர்களுக்கு வெகு முன்பே தகவல் சொல்லிவிடுவார். எழுதி முடித்ததும் பிரதியை அனுப்புவார். ஆனால் பாதியில் யாரிடமும் காட்டக் கூடாது என்பதில் மிகவும் கறாராக இருப்பவர். இந்த ஒழுங்கு எனக்குச் சரியாகப் படுகிறது. பாதியில் காட்டினால் வடகரை சொல்கிற குடும்பக் கூட்டம் நடக்கும். முடித்த பிறகு காட்டினால், படிப்பவர் தான் விட்டுப்போன இடத்தைச் சொல்லலாம், முடிவு எழுதியவர் கையில் இருக்கும்.

வடகரை:
மேரி கார் அதைத் தானாகச் செய்கிறார், எந்த இதழும் கட்டாயப்படுத்தி அல்ல. நான் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த வேறுபாட்டைத்தான்.

காட்டிவிட்டால், பேசவிட்டால் பிரச்சினை தீரும் என்பதும் சரியில்லை. பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சின் நூல்கள் முழுக்க மற்றவர்கள் சொந்தக் குரலில் பேசியவை. ஆப்கான் போருக்குப் போன சோவியத் வீரர்களும், மகன்களை இழந்த தாய்மார்களும் பேசிய நூலுக்காக, அப்படிப் பேசியவர்களில் சிலரே 1990களின் தொடக்கத்தில் மின்ஸ்க் நீதிமன்றத்தில் அவர் மேல் வழக்குப் போட்டார்கள். சொன்னதைத் திரித்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அவர்களைச் சுற்றி அரசியல் நெருக்கடி இருந்தது. மகன் வீரனாகச் செத்தான் என்று நம்பினால்தான் அந்தத் தாயால் மறுநாளைக் கடக்க முடியும். அன்று மனம் உடைந்து சொன்னதை அச்சில் பார்க்கும்போது அவளுக்கே தாங்கவில்லை. உங்கள் விதிப்படி முன்னாலேயே காட்டியிருந்தால் அந்த நூலில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

மெய்ப்புப் பார்ப்பவர்:
அந்தத் தாயின் பக்கம் நின்று இதைக் கொஞ்சம் யோசியுங்கள் என்றுதான் கேட்கிறேன். அவள் சொன்னது நமக்கு வேண்டும். 2015இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தின் ஒரு பகுதி அவள் பேச்சு. அது வெளியான பிறகு அவளுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியை நாம் ஏன் தள்ளிவைக்கிறோம்?

நான்காம் பிரதி:
இந்த வகை எழுத்தில் உண்மையான பிரச்சினை பொய் சொல்வதுதான், காட்டுவதும் காட்டாததும் அதற்குப் பிறகு. அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஃப்ரே தன் நினைவுக் குறிப்பில் 87 நாள் சிறையில் இருந்ததாக எழுதினார், உண்மையில் சில மணி நேரம்தான். 2006இல் அது வெளியே வந்து, நூலை வாங்கியவர்களுக்குப் பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. இன்னொரு அமெரிக்கக் கட்டுரையாளர் ஜான் டகாட்டா, ஓர் ஊரில் இருந்த ஆடை அவிழ்ப்பு நடன விடுதிகளின் எண்ணிக்கை 31 என்று ஆதாரம் இருந்தும், வாக்கியத்தின் ஓசைக்காக 34 என்று எழுதினார். தகவல் சரிபார்த்தவர் கேட்டபோது விட்டுக்கொடுக்கவில்லை. எழுதுபவர்களிடம் 'இதில் உள்ள எல்லாம் நடந்தவை' என்று கையெழுத்து வாங்குங்கள், போதும்.

தாளோரம்:
கையெழுத்து ஏற்கெனவே வாங்குகிறோம். அந்தத் தம்பியும் போட்டுத்தான் கொடுத்தார், நேர்மையாகவே போட்டார். நான் கேட்பது பொய்யைப் பற்றி இல்லை. ஒருவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது முழுக்க உண்மையாக இருந்தும், இன்னொருவருக்கு அநியாயமாகிவிடுகிறதே, அதைப் பற்றி.

ஆறு இதழில் எழுதியவன்:
அந்தக் கையெழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? எழுதியதெல்லாம் உண்மை என்று நான் உறுதி கூறுகிறேன். யாருடைய அந்தரங்கத்தையும் மீறவில்லை என்று உறுதி கூறுகிறேன். யாராவது வழக்குப் போட்டால் இதழுக்கு வரும் செலவை நான் ஏற்கிறேன். எனக்குக் கிடைப்பது இரண்டு பிரதியும், கடைசிப் பக்கத்தில் மூன்று வரி அறிமுகமும். பல இதழ்களில் அனுப்புவதற்கே கட்டணம் வேறு.

சரி, காட்டச் சொல்லுங்கள். ஆனால் காட்டிய பிறகு வீட்டில் வெடிப்பதை யார் பார்த்துக்கொள்வார்கள்? விதி போடும் இதழ் அந்த நேரத்தில் கூட நிற்குமா? ஓர் ஆசிரியராவது என்னோடு உட்கார்ந்து, 'இந்தப் பத்தியை உங்கள் தங்கை படித்தால் என்ன சொல்வாள், நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்' என்று கேட்பாரா? இதுவரை ஆறு இதழ்களில் எழுதியிருக்கிறேன். காற்புள்ளியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், நீளத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

வடகரை:
இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். விதி என்பது பொறுப்பை இதழின் மேசையிலிருந்து எழுதுபவர் தலைக்கு மாற்றும் வழியாகிவிடும்.

மெய்ப்புப் பார்ப்பவர்:
ஆறு இதழில் எழுதியவன் சொல்வது சரியான குறை. அதற்காக விதியே வேண்டாம் என்று ஆகிவிடாது, இதழுக்கும் அதில் கடமை எழுத வேண்டும் என்றுதான் ஆகும். நார்வே எழுத்தாளர் க்னவுஸ்கார்ட் தன் வாழ்க்கையைப் பற்றி ஆறு தொகுதியாக எழுதியது நாவல் என்ற பெயரில்தான் வந்தது, இருந்தாலும் அதில் வருபவர்களுக்கு முன்பே பிரதியை அனுப்பினார். அப்பாவின் சகோதரர் வழக்குத் தொடுப்பேன் என்றார். சில பெயர்கள் மாறின. நூல் வந்தது. அந்தச் சண்டையே ஆறாவது தொகுதியில் ஒரு முக்கியப் பகுதியாகவும் வந்தது. காட்டியதால் எழுத்து செத்துவிடவில்லை.

வடகரை:
அவர் பின்னால் ஒரு பதிப்பகமே நின்றது. நாம் பேசுவது முதல் கட்டுரையை அனுப்பிவிட்டு ஐந்து மாதம் பதிலுக்குக் காத்திருக்கும் ஒருவரைப் பற்றி.

மூன்றாவது பத்தியில் வருபவள்:
இதுவரை பேசியவர்கள் எல்லாம் எழுதுபவர்கள், இதழ் நடத்துபவர்கள். நான் எழுதப்பட்டவள்.

என் அக்கா எங்கள் இளமைக்காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அன்போடு எழுதியிருந்தாள். அதில் எனக்குத் திக்குவாய் இருந்ததும், வகுப்பில் என் பெயரைச் சொல்ல முடியாமல் நான் அழுததும், அவள் வந்து எனக்காகச் சொன்னதும் வருகிறது. எல்லாம் நடந்ததுதான். அதிலிருந்து மீண்டு வர எனக்குப் பதினோரு வருடம் ஆயிற்று. இப்போது என்னோடு வேலை செய்பவர்கள் யாருக்கும் அது தெரியாது. அதாவது, தெரியாமல் இருந்தது. என் மேசைக்குப் பக்கத்தில் இருப்பவர் ஒருநாள் வந்து, 'உங்கள் அக்கா எழுதியதைப் படித்தேன், கண் கலங்கிவிட்டது' என்றார். அப்படி ஒரு கட்டுரை இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

எடுத்துவிடு என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பத்தி இல்லாமல் அந்தக் கட்டுரை நிற்காது, எனக்கே தெரிகிறது. ஆனால் அன்று மத்தியானம் முழுக்க என்னால் வாயைத் திறந்து பேச முடியவில்லை. பழைய பயம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. முந்தின நாள் அக்கா ஒரு போன் செய்து, 'நாளைக்கு இது வருகிறது, உன்னைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறேன்' என்று சொல்லியிருந்தால் நான் தயாராக இருந்திருப்பேன். அப்புறம் இன்னொன்று. வகுப்பில் எனக்காகப் பெயர் சொன்னது அவள் இல்லை, எங்கள் ஆசிரியை. அக்கா அப்போது வேறு பள்ளி. அவளுக்கு அது அப்படித்தான் நினைவிருக்கிறது. நான் இதுவரை அவளிடம் சொல்லவில்லை.

நான்காம் பிரதி:
'கையெழுத்து போதும்' என்று மேலே எழுதியிருந்தேன். அதை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அக்காவும் தயங்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார்.

வடகரை:
இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதவில்லை. என் நிலைப்பாட்டில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன், ஒன்றை மாற்றவில்லை.

மாற்றிக்கொள்வது: முன்கூட்டியே சொல்வதற்கும் காட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. 'உன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன், இன்ன தேதியில் வருகிறது' என்று சொல்வது எழுத்தில் ஒரு சொல்லையும் தொடாது. அதைக்கூடச் செய்யாமல் இருக்க, பயம் தவிர வேறு நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை. நானே என் நண்பனைப் பற்றி எழுதியபோது சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மாற்றாதது: அதையும் எல்லோருக்குமான விதி ஆக்காதீர்கள். தன்னைத் துன்புறுத்தியவனிடம் தேதி சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. விதிக்கு விலக்குக் கொடுப்போம் என்பீர்கள். விலக்குக் கேட்பதற்கே அவள் தன் கதையை முதலில் ஓர் ஆசிரியருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அது இன்னொரு விசாரணை.

மெய்ப்புப் பார்ப்பவர்:
படிவத்தில் ஒரு கேள்வி மட்டும் வைத்தால்? 'இதில் வருபவர்களில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது?' காரணம் கேட்க வேண்டாம். தெரியாது என்று எழுதியிருந்தால், ஏற்றுக்கொண்ட பிறகு ஆசிரியர் எழுதியவரோடு அதைப் பற்றிப் பேசட்டும். சொல்ல முடியாது என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளட்டும்.

ஆறு இதழில் எழுதியவன்:
பேச ஓர் ஆசிரியர் இருப்பார் என்றால் நான் அந்தப் படிவத்தை நிரப்புவேன்.

தாளோரம்:
எல்லோருக்கும் நன்றி. விதி என்று நான் கேட்டதை விட்டுவிடுகிறேன். அந்தக் கேள்வியைப் படிவத்தில் சேர்க்க அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன். 'தெரியாது' என்று வரும் கட்டுரைகளுக்கு எழுதியவரோடு பேசும் வேலையை நானே எடுத்துக்கொள்வதாகவும் சொல்லப்போகிறேன்.

அண்ணனின் கடிதத்தை என்ன செய்வது என்று இன்று தம்பியிடம் போனில் பேசினேன். கடிதத்தை நான் வாசித்துக் காட்டியபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, இரவில் அப்பாவை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று தான் ஒருநாளும் கேட்டதில்லை என்றார். கடிதத்தை அப்படியே, தன் கட்டுரைக்குப் போட்ட அதே எழுத்தளவில் போடச் சொல்கிறார். அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். சம்மதித்தால் அடுத்த இதழில், எழுதியவர்கள் பக்கத்தில் அவர் பெயரும் வரும். மூன்று வரி அறிமுகம் அவரே எழுதித் தர வேண்டும்.