சனிக்கிழமை விருந்தில் ஒஹகியும் இனாரியும்

குழு: நிஷிகசாய் (டோக்கியோ) நம்ம அபார்ட்மெண்ட்

கவிதா: சனிக்கிழமை சமுதாயக் கூடத்தில் எல்லா நாட்டுச் சாப்பாடும் வைக்கிறார்கள் அல்லவா? கீழ்வீட்டு ஜப்பான் பாட்டி இனாரி சுஷியும் ஒஹகியும் கொண்டுவருகிறாராம்.

செல்வம் அண்ணா: சுஷியா? புரட்டாசி சனி அதுவுமாக மீனா!

கவிதா: இனாரியில் மீன் வைப்பதில்லை அண்ணா. பொரித்த டோஃபுவைப் பைபோலத் திறந்து, வினிகர் கலந்த சோற்றை அடைப்பார்கள். அவ்வளவுதான்.

மாமி: பையை எதில் கொதிக்கவிடுகிறார் என்று கேள். தாஷி என்கிற அடிப்படைச் சாற்றில் கட்சுவோ மீன் சீவல் இருக்கும். கடையில் விற்கும் தாஷித் தூளிலும் பெரும்பாலும் அதுதான்.

திவ்யா: மிசோ சூப்பிலும் அந்தத் தாஷிதானே மாமி? எங்கள் வீட்டில் ஒருவர் சைவம் என்று நம்பி மடக் மடக்கென்று குடிக்கிறார். இதைப் படிக்காமல் இருக்கட்டும் 😂

ரகு: படித்துவிட்டேன்.

கவிதா: 😂😂 பாட்டியிடம் கேட்டுவிட்டேன் மாமி. கொம்பு என்கிற காய்ந்த கடற்பாசியையும் காய்ந்த ஷிட்டாக்கே காளானையும் முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு ஃப்ரிட்ஜில் வைப்பாராம். அந்தத் தண்ணீர்தான் தாஷி. ஜென் மடங்களில் காலங்காலமாக இப்படித்தானாம்.

மாமி: மிரின் என்கிற இனிப்பான அரிசி மது சேர்ப்பாரா?

கவிதா: அதில் ஆல்கஹால் 14 சதவீதம் அளவுக்கு இருக்கிறதே என்று அதையும் கேட்டேன். மிரினை விட்டுவிட்டுச் சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறேன் என்றார்.

மாமி: அப்படியென்றால் நான் சாப்பிடுவேன்.

செல்வம் அண்ணா: ஒஹகி என்பது?

மாமி: பூரணக் கொழுக்கட்டையை உள்ளே வெளியே மாற்றியதுபோல. சோறு உள்ளே, பூரணம் வெளியே. இந்த வாரம் அவர்களுக்கு ஹிகான். குடும்பத்தோடு கல்லறைக்குப் போய் முன்னோருக்குப் படைப்பார்கள். நமக்கும் மகாளய பட்சம் இதையொட்டித்தானே வருகிறது.

திவ்யா: நேற்றுப் பாட்டி கொஞ்சமாகச் செய்து காட்டினார். பூரணத்துக்கான அசுக்கி என்கிற சிவப்புப் பயறை ஊறவைக்கவே இல்லை. ஒரு கொதி வந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டார், துவர்ப்பு போய்விடுமாம். நன்றாக வெந்த பிறகுதான் சர்க்கரை. முன்னாலேயே போட்டால் பயறு இறுகிவிடும். கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு.

திவ்யா: சோறு, ஒட்டும் அரிசியும் சாதா அரிசியும் கலந்தது. மரக் குழவியால் பாதிதான் மசித்தார். ஈரத்துணியை உள்ளங்கையில் விரித்து, பூரணத்தைத் தட்டி, நடுவில் சோற்று உருண்டையை வைத்து மூடினார். கண்மூடித் திறப்பதற்குள் ஒன்று முடிந்துவிட்டது. நான் பிடித்தது மட்டும் வாய் பிளந்து நின்றது.

செல்வம் அண்ணா: வெள்ளிக்கிழமையே செய்துவிட்டால் அவருக்கு அலைச்சல் குறையுமே?

திவ்யா: ஃப்ரிட்ஜில் வைத்தால் சோறு கல்லாகிவிடும் அண்ணா. காலையில் செய்து அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும்.

கவிதா: மூன்றாம் மாடிக் குட்டிக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. இனாரிப் பையைக் கொதிக்கவிடும்போது ஊற்றும் சோயா சாஸில் கோதுமை சேரும், அதனால் இனாரி வேண்டாம். பூரண ஒஹகி கொடுக்கலாம். தட்டுக்கு முன்னால் அட்டை எழுதி வைக்கிறேன்.

மாமி: பாட்டிக்கு நாம் என்ன கொடுப்பது?

கவிதா: காரம் இல்லாமல் ஏதாவது என்றார்.

மாமி: சரி, தயிர்சாதம் கொண்டுவருகிறேன். மிளகாய் கிள்ளிப் போடமாட்டேன்.

செல்வம் அண்ணா: கடுகு?

மாமி: கடுகு தாளிக்காமல் என்ன தயிர்சாதம்!