ஸ்டென்ட் வைத்த அப்புச்சிக்குக் காது மந்தம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

வணக்கமுங்க. எங்க அப்புச்சிக்கு (அம்மாவைப் பெற்ற தாத்தா) 71 வயது, பல்லடம் பக்கம், வாழ்நாளெல்லாம் விசைத்தறி ஓட்டியவர். போன வருடம் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாய்) வைத்தோம், அப்புறம் காது மந்தமாகிக்கொண்டே வருகிறது. காட்டிய இடத்தில் தறிச் சத்தம், வயது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோவது நூல் மாதிரி ஒரே ஒரு தமனிதான், அது சுருங்கினால் மாற்று வழி இல்லை. சத்தத்தால் வரும் கேடு, ஆடியோகிராமில் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது உயர்ந்த ஒலிகளில், பள்ளமாகத் தெரியும். அப்புச்சியின் ஆடியோகிராமிலோ தாழ்ந்த ஒலிகளான 250, 500 ஹெர்ட்ஸிலும் நன்றாகக் குறைந்திருக்கிறது, இந்த மாதிரி தாழ்ந்த ஒலிகள் குறைவதற்கும் இதய ரத்தநாள நோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. நீர் பிரிய ஃபுரோசமைடு வேறு சாப்பிடுகிறார், அதிக அளவில் அதுவும் காதைப் பாதிக்கலாம். நாமாக நிறுத்தவும் கூடாது.

கோவை, ஈரோடு, திருப்பூரில் இதய மருத்துவரோடும் கலந்து பேசிப் பார்க்கிற நல்ல காது மருத்துவர் யாராவது தெரியுமாங்க? இதய நோயாளிக்குக் காது மெஷின் வைத்த வீட்டில் எவ்வளவு பலன் இருந்தது, என்ன செலவானது? பேரப்பிள்ளைகள் பேசுவது கேட்காமல் திண்ணையில் தனியாக உட்கார்ந்துவிடுகிறார், பார்க்கப் பொறுக்கவில்லை. தெரிந்தவர்கள் கட்டாயம் எழுதுங்க.