செக்ரடேரியட் ரத்தம் என்று சொல்லிக் குட்டி விற்கிறார்கள், நம்பலாமா?

தண்டையார்பேட்டைவாசி:

என் சித்தப்பா தண்டையார்பேட்டையில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். குதிரையை மெரினாவில் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்டவரிடம் நண்பர் ஒருவர் வந்து, நான்கு பேர் சேர்ந்து ஒரு வயதுப் பந்தயக் குட்டி ஒன்றை வாங்கலாம் என்று ஆசை காட்டியிருக்கிறார். கூடவே ஒரு தாளும் கொடுத்திருக்கிறார். இடது ஓரத்தில் குட்டி, வலப்பக்கம் போகப் போகப் பெற்றோர், தாத்தா பாட்டி, அவர்களுடைய பெற்றோர் என்று கிளை பிரிகிறது. ஐந்தாவது தலைமுறையில் ஒரே ஒரு பெயரை மஞ்சள் மையால் பூசி வைத்திருக்கிறார்கள்: செக்ரடேரியட். அமெரிக்காவின் பழைய பந்தயக் குதிரையாம்.

"புலிக்குப் பிறந்தது பூனையாகுமா" என்று சித்தப்பா ஒரே பிடியாக நிற்கிறார். நான் தேடிப் படித்த வரையில் அந்தக் குதிரையின் மகன்களே அப்பா பெயரைக் காப்பாற்றவில்லை என்கிறார்கள். அப்படியானால் இந்தத் தாளில் அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு? உண்மையிலேயே அது அவ்வளவு பெரிய குதிரையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் சித்தி பேசுவதையே நிறுத்திவிட்டார்.

கிண்டி ரசிகன்:

அவ்வளவு பெரிய குதிரையா என்று கேட்கிறீர்களே! 1973 பெல்மான்ட் பந்தயத்தின் வீடியோவைப் பாருங்கள். இரண்டாவதாக வந்த குதிரையை 31 குதிரை நீளம் பின்னால் விட்டது. பன்னிரண்டு பர்லாங், அதாவது ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர், 2 நிமிடம் 24 விநாடி. மண் தரையில் அந்த நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை. இறந்த பிறகு அறுத்துப் பார்த்தபோது இதயம் பத்துக் கிலோ இருந்ததாம். அந்த ரத்தம் கிடைக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

லாடக்காரர் மகன், பழைய வண்ணாரப்பேட்டை:

கிண்டி ரசிகன் தம்பி, அடுத்தவர் பணம் என்றால் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொள்ள வருகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

என் அப்பா மூலக்கொத்தளத்தில் ஜட்கா குதிரைகளுக்கு லாடம் அடித்தவர். ஜட்கா ஓய்ந்த பிறகு கிண்டி லாயங்களில் வேலை பார்த்தார். நானும் அவரோடு வண்ணாரப்பேட்டையில் ரயில் ஏறி, பீச்சில் இறங்கி, தாம்பரம் வண்டி பிடித்துக் கிண்டிக்குப் போனவன். பந்தயத்தில் ஒரு ரூபாய் கட்டியதில்லை. அதனால் எந்தக் குதிரை மீதும் எனக்குக் கோபமும் இல்லை, பக்தியும் இல்லை.

முதலில் குதிரையின் கதை. நாணயம் சுண்டிப் பார்த்ததில் ஒரு தரப்புக்கு ஒதுங்கிய பங்குதான் அது. அதன் அப்பா போல்டு ரூலர் அக்காலத்து அமெரிக்காவின் தலைசிறந்த பொலிகுதிரை, அதாவது குட்டி போட வைப்பதற்காக வளர்க்கும் ஆண் குதிரை. பிள்ளைகள் ஜெயித்த பணக் கணக்கில் எட்டு முறை அங்கே முதலிடம் பெற்றது. அதன் உரிமையாளர்களான ஃபிப்ஸ் குடும்பம் பொலிக்குப் பணம் வாங்குவதைவிடக் குட்டியில் பங்கு கேட்பதையே விரும்பியது. வர்ஜீனியாவில் மெடோ பண்ணையை நடத்திய செனரி குடும்பம் இரண்டு வருடங்கள், வருடத்துக்கு இரண்டு பெட்டைகள் என்று அனுப்பியது. யார் எந்தக் குட்டியை எடுப்பது என்று 1969-ல் நாணயம் சுண்டினார்கள். ஜெயிப்பவருக்கு முதல் வருடக் குட்டிகளில் முதல் தேர்வு, தோற்பவருக்கு அடுத்த வருடத்தில் முதல் தேர்வு. அடுத்த வருடம் ஒரு பெட்டை சினைப்படவில்லை. ஆக ஒரே ஒரு குட்டிதான் வரப்போகிறது என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். ஜெயித்தால் ஒரு குட்டி, தோற்றால் இரண்டு. அதனால் இருவருமே தோற்கத்தான் ஆசைப்பட்டார்கள்! ஆக்டன் ஃபிப்ஸ் ஜெயித்து, சம்திங்ராயல் என்ற பெட்டை முதல் வருடம் ஈன்ற குட்டியை எடுத்துக்கொண்டார். அந்தப் பெண் குட்டி ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. பென்னி செனரிக்குக் கிடைத்தவற்றில் ஒன்று, அப்போது அதே சம்திங்ராயலின் வயிற்றில் இருந்தது. 1970 மார்ச் 30 அன்று நள்ளிரவு கடந்து பிறந்தது. செம்பட்டை நிறம், மூன்று கால்கள் வெள்ளை. அதுதான் செக்ரடேரியட்.

ஒரே அப்பா, ஒரே அம்மா. ஒன்று உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது, இன்னொன்று ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை. உங்கள் சித்தப்பாவுக்கு இதை முதலில் படித்துக் காட்டுங்கள்.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் சொல்லிவிட்டார்கள். 21 பந்தயம், 16 வெற்றி. 1972 ஜூலையில் முதல் பந்தயத்தில் கிளம்பும்போதே இடிபட்டு நான்காவதாக வந்தது. 1973-ல் அமெரிக்காவில் மூன்று வயதுக் குதிரைகளுக்கான மூன்று பெரிய பந்தயங்களான கென்டக்கி டெர்பி, ப்ரீக்னெஸ், பெல்மான்ட் மூன்றையும் வென்றது. அதற்கு முன் 25 வருடங்களாக அமெரிக்காவில் அந்த மூன்றையும் எந்தக் குதிரையும் சேர்த்து ஜெயித்ததில்லை. எனக்குப் பிடித்தது பெல்மான்ட் அல்ல, டெர்பி. பத்து பர்லாங் ஓட்டத்தை இரண்டிரண்டு பர்லாங்காகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டையும் முந்தைய துண்டைவிட வேகமாக ஓடியிருக்கிறது. குதிரை என்றால் முடிவில் களைக்கும், இது முடிவில்தான் வேகம் கூட்டியது. நேரம் 1 நிமிடம் 59 விநாடியும் ஐந்தில் இரண்டு பங்கும். அதுவும் இன்றுவரை சாதனை. ப்ரீக்னெஸில் கடிகாரம் குழம்பியது. அதைத் திருத்தி 1 நிமிடம் 53 விநாடி என்று அறிவிக்க 2012 வரை ஆனது.

தோற்கவும் செய்தது என்பதை ரசிகர்கள் சொல்ல மாட்டார்கள். டெர்பிக்கு முந்தைய பந்தயத்தில் வாயில் சீழ்க்கட்டியோடு ஓடி மூன்றாவது. பெல்மான்ட் முடிந்து இரண்டே மாதத்தில் ஆனியன் என்ற குதிரையிடம் தோல்வி. பெயரைப் பாருங்கள், வெங்காயம்! அடுத்து ப்ரூவ் அவுட் என்ற குதிரையிடம். இரண்டையும் பழக்கியவர் ஆலன் ஜெர்கன்ஸ் என்ற ஒரே ஆள்.

இப்போது பிள்ளைகள். மகன்கள் அனைவரும் உதவாதவர்கள் என்பது சரியல்ல. ரிசன் ஸ்டார் 1988-ல் ப்ரீக்னெஸும் பெல்மான்டும் ஜெயித்தது. ஆனால் அப்பாவின் இடத்தில் நின்று பொலி போட்டு வம்சம் நடத்திய மகன் இல்லை. மகள்களைப் பாருங்கள். லேடீஸ் சீக்ரெட் 1986-ல் அமெரிக்காவின் 'வருடத்தின் சிறந்த குதிரை' விருது பெற்றது. டெர்லிங்குவா ஈன்றது ஸ்டார்ம் கேட். வீக்கெண்ட் சர்ப்ரைஸ் ஈன்றவை சம்மர் ஸ்குவாலும் ஏ.பி. இண்டியும், முதலாவது 1990 ப்ரீக்னெஸ், இரண்டாவது 1992 பெல்மான்ட். சீக்ரெட்டேம் ஈன்றது கான் வெஸ்ட். ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி, கான் வெஸ்ட் மூன்றும் பெரிய பொலிகுதிரைகள் ஆயின. 2015-ல் மூன்று பந்தயங்களையும் வென்ற அமெரிக்கன் ஃபாரோவின் தாய்வழியில்கூட ஸ்டார்ம் கேட் உண்டு. ஆக, செக்ரடேரியட்டின் சொத்து மகள் வயிற்றுப் பேரன்களுக்குப் போயிற்று. நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதை, கென்டக்கியின் குதிரைப் பண்ணைக்காரர்கள் பல லட்சம் டாலர் கொட்டிக் கற்றுக்கொண்டார்கள்.

குதிரைத் தொழிலில் உறவு எண்ணுவதும் இப்படித்தான். அப்பா மட்டும் ஒன்று என்றால் அவற்றை உடன்பிறப்பாகவே கணக்கில் கொள்வதில்லை. ஒரு பொலிகுதிரைக்கு ஒரே வருடத்தில் நூறு குட்டி பிறக்கலாம். நூறையும் அண்ணன் தம்பி என்றால் ஊரே உறவாகிவிடும். தாய்க்கு வருடத்துக்கு ஒன்றுதான், அதுவும் பதினோரு மாதம் சுமக்க வேண்டும். தாய் ஒன்றானால்தான் அண்ணன், தங்கை.

உங்கள் தாளுக்கு வருகிறேன். ஐந்தாவது தலைமுறையில் 32 பெயர்கள் இருக்கும். அதில் ஒன்றைத்தான் மஞ்சள் பூசியிருக்கிறார்கள். மீதி 31 பேர் யார்? ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி வம்சம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இன்று செக்ரடேரியட்டின் பெயர் எங்காவது ஓர் ஓரத்தில் வருவது ஆச்சரியமில்லை. கீழ்ப்பாதியைப் படியுங்கள். அப்பா எப்போதும் மேலே இருப்பார், அம்மா கீழே. விற்பவர்கள் மேலே விரல் வைத்துப் பேசுவார்கள்.

வேப்பேரி கால்நடை மருத்துவர்:

லாடக்காரர் மகன் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இதயம் பற்றி. செக்ரடேரியட்டை 1989 அக்டோபர் 4 அன்று கருணைக்கொலை செய்தார்கள். காரணம் குளம்பழற்சி. குளம்புக்குள் எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய திசு வீங்கிக் கிழிந்து, நிற்கவே முடியாமல் போகும் நோய். உடலைப் பரிசோதித்த மருத்துவர் இதயத்தை எடைபோடவில்லை. கண்ணால் பார்த்து, ஏறக்குறைய 22 பவுண்டு, அதாவது பத்துக் கிலோ இருக்கும் என்று பின்னால் மதிப்பிட்டார். சாதாரணமாக நான்கு கிலோவை ஒட்டி இருக்கும். ஆனால் பெல்மான்டில் கடைசியாக வந்த ஷாம் என்ற குதிரையின் இதயத்தை அவரே எடை போட்டிருக்கிறார்; 18 பவுண்டு, எட்டுக் கிலோவுக்குச் சற்று மேல். அந்த அனுபவத்தில் சொன்ன மதிப்பீடு என்பதால் தள்ளிவிட முடியாது. அதே சமயம், ஏறக்குறைய அவ்வளவு பெரிய இதயம் கொண்ட ஷாம்தான் அன்று கடைசி!

பெரிய இதயம் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது, ஆண் குதிரை அதை மகளுக்கு மட்டுமே கொடுக்க முடியும், அதனால்தான் மகள் வழிப் பேரன்கள் சிறந்தார்கள் என்று ஒரு கருத்து உண்டு. கேட்க அழகாகப் பொருந்துகிறது. நிரூபிக்கப்படவில்லை.

தண்டையார்பேட்டைவாசி:

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடி கீழ்ப்பாதியைப் படித்துவிட்டு நண்பரிடம் தாயைப் பற்றிக் கேட்டோம். மூன்றே பந்தயம் ஓடியதாம், ஒன்றிலும் ஜெயிக்கவில்லையாம். அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் அல்லவா?

லாடக்காரர் மகன், பழைய வண்ணாரப்பேட்டை:

தம்பி, அவசரப்படாதீர்கள். செக்ரடேரியட்டின் தாய் எத்தனை பந்தயம் ஓடியது தெரியுமா? ஒன்று. அதிலும் இடம் இல்லை. அதே தாய் முன்னாலேயே சர் கேலார்ட் என்ற நல்ல குதிரையைப் பெற்றிருந்தது. அதன் மகன் சர் ஐவர் 1968-ல் இங்கிலாந்தின் டெர்பியை வென்றது. சம்திங்ராயலின் அப்பா பிரின்ஸ்கில்லோ, நெடுந்தூரம் தாங்கும் வம்சம். போல்டு ரூலர் வழியில் வேகம் உண்டு, தூரம் தாங்காது என்று எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். தாய் வழியிலிருந்து அந்தக் குறை தீர்ந்தது என்பார்கள்.

ஆகவே தாய் ஓடினாளா என்பதைவிட, தாய் பெற்றவை ஓடினவா, தாயின் அக்காள் தங்கைகள் பெற்றவை ஓடினவா என்று கேளுங்கள். முறையான ஏலப் புத்தகத்தில் அதெல்லாம் குட்டியின் வரிக்குக் கீழே வரிசையாக இருக்கும். பெரிய பந்தயங்களில் ஜெயித்தவை, இடம் பிடித்தவை இவற்றின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். அதை எண்ணுவதற்குக் கல்லூரிப் படிப்பு தேவையில்லை.

நம் நாட்டு உதாரணம் வேண்டுமா? ரசீன் என்று ஒரு குதிரை, நார்தர்ன் டான்சர் என்ற புகழ்பெற்ற பொலிகுதிரையின் மகன். அதே இங்கிலாந்து டெர்பியில் 1990-ல் ஃபேவரிட்டாக இறங்கிப் பின்தங்கிப்போனது. டெல்லிப் பக்கம் உஷா ஸ்டட் பண்ணைக்கு வந்த பிறகு இந்தியாவின் முதன்மைப் பொலிகுதிரைகளில் ஒன்றாக வருடக்கணக்கில் நின்றது. மைதானத்தில் தோற்றது லாயத்தில் ஜெயிப்பதும் உண்டு, தலைகீழாகவும் உண்டு.

இன்னொன்று. தாளை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். அப்பா காலத்தில் குதிரை வாங்க வருபவர் முதலில் சுழி பார்ப்பார். நெற்றியில் ஒன்று இருந்தால் யோகம், இன்ன இடத்தில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று கதை நடக்கும். கிண்டியிலும் சுழி பார்த்தார்கள், வேறு காரணத்துக்கு. குதிரையின் அடையாளப் புத்தகத்தில் அச்சிட்ட குதிரைப் படத்தில் ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பெருக்கல் குறி, வெள்ளைத் திட்டுக்குச் சிவப்பு மையில் கோடு. எந்தக் குதிரைக்கும் அது இன்னொன்றைப் போல அமையாது. பந்தயத்தன்று புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெற்றியையும் கழுத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், ஆள்மாறாட்டம் நடக்காது. இப்போது கழுத்தில் சிப்பும் வைக்கிறார்கள். அந்தப் புத்தகத்தோடு குட்டியை நேரில் காட்டச் சொல்லுங்கள். நான் கூட வருகிறேன், முன்னங்கால்களைத் தூக்கிப் பார்க்க வேண்டும். குளம்பு கோணலாக இருந்தால் எந்தத் தாத்தாவும் கைகொடுக்க மாட்டார்.

வாங்கும் விலையோடு முடிவதில்லை என்பதையும் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். குட்டி ஓடத் தொடங்கவே இரண்டு வயது ஆக வேண்டும். அதுவரை கொள்ளும் புல்லும், மருத்துவரும், பழக்குபவர் கட்டணமும், மாதம் பிறந்தால் லாடமும். லாடத்தின் கணக்கு எனக்குத் தெரியும், அதை மட்டும் எழுதித் தருகிறேன்.

கிண்டி ரசிகன்:

ஐயா, அன்று பெல்மான்டில் ஜெயித்தவர்களில் 5,617 டிக்கெட்டுகளுக்குப் பணமே வாங்காமல் ஞாபகார்த்தமாக வைத்துக்கொண்டார்களாம். இதையும் சொல்லியிருக்கலாம்.

லாடக்காரர் மகன், பழைய வண்ணாரப்பேட்டை:

இரண்டு டாலர் கட்டியவருக்கு இரண்டு டாலர் இருபது சென்ட்தான் கிடைத்தது. அதற்கு வரிசையில் நிற்பதைவிட டிக்கெட்டைச் சட்டம் போட்டு மாட்டுவதே லாபம், தம்பி.

தண்டையார்பேட்டைவாசி:

ஐயா, குட்டியையும் அடையாளப் புத்தகத்தையும் நேரில் பார்க்க வேண்டும், லாடக்காரர் ஒருவரும் வருகிறார் என்று சித்தப்பா நண்பரிடம் சொல்லிவிட்டார். "அவர் எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வசதிப்படுமா?