ஏறுனேனா, ஏத்தி விட்டாங்களா?

குழு: ஆச்சி வீடு

காலை 9:12
குமார் மாமா: அக்கா, அம்மாவ மதுரை பஸ்ல ஏத்தி விட்டாச்சு. ஜன்னலோர சீட்டு. ஒரு மணி வாக்குல மாட்டுத்தாவணி வந்துரும்.

9:13
அம்மா: சரிடா. ஊறுகா ஜாடி?

9:14
குமார் மாமா: வேடு கட்டி பைக்குள்ள போட்டு மேல ரேக்குல வெச்சிட்டேன்.

9:21
ஆச்சி: யாரு யார ஏத்துனா? கம்பியப் புடிச்சி மூணு படியும் நானாத்தாம்ல ஏறுனேன். நான் என்ன அரிசி மூட்டையா, ஏத்தி விடுததுக்கு?

9:21
அண்ணி: 😂😂

9:23
குமார் மாமா: ஏம்மா, எல்லாரும் அப்படித்தான சொல்லுதாங்க.

9:26
கயல்: மாமா, ஆச்சி கேட்டது எங்க மொழியியல் கிளாஸ்ல ஒரு வாரம் ஓடுன கேள்வி. மூட்டைய ஏத்துனா மூட்டைக்கு அதுல ஒரு வேலையும் இல்ல. தூக்குறவன் கைதான் எல்லாம். ஆனா "ஏத்தி விட்டேன்"ல ஏறுனது ஆச்சிதான். நீங்க கூட வந்தீங்க, சீட்டு பாத்தீங்க, பைய மேல வெச்சீங்க, பஸ் கிளம்புற வரைக்கும் ஜன்னல் பக்கம் நின்னீங்க. அவ்வளவும் அந்த "விட்டேன்"ல வந்துருது.

9:27
கயல்: வெறும் "ஏற விட்டேன்"னா வழிய மறிக்காம நின்னீங்க, அவ்வளவுதான். "ஏற வெச்சேன்"னா ஆச்சிக்கு மனசில்ல, நீங்க பேசிப் பேசி சம்மதிக்க வெச்சீங்கன்னு அர்த்தம்.

9:29
ஆச்சி: அப்ப ஏற வெச்சான்னே எழுது. நான் ஞாயித்துக்கிழமை போறேன்னுதான் சொன்னேன்.

9:29
அம்மா: எலே குமார்!

9:30
குமார் மாமா: கயலு, உனக்கு வேற வேலையே இல்லையா?

9:34
கயல்: 😁 இது நானா சொல்றதில்ல மாமா. லியனார்டு டால்மின்னு ஒரு அமெரிக்க மொழியியல்காரர் 1988ல ஒரு கட்டுரை எழுதுனாரு. தள்ளுனா மட்டும் காரணம் இல்ல, தடுக்காம விட்டாலும் காரணம்தான்னு. தொட்டி அடைப்பு கழண்டா தண்ணி ஓடுதுல்ல? அடைப்பு தண்ணியத் தள்ளல. ஓடத் தயாரா இருந்ததுக்கு வழி விட்டுச்சு. இந்த "வை"யும் "விடு"வும் அந்த ரெண்டத்தான் பிரிச்சு சொல்லுது. நாம பால் காய்ச்சுற நேரத்துல இதயெல்லாம் யோசிக்காமலே சரியா சொல்லிட்டு இருக்கோம்.

9:48
பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். இதைத்தான் நாங்கள் வகுப்பில் தன்வினை, பிறவினை என்று முப்பது வருடம் நடத்தினோம். உருள், உருட்டு. ஓடு, ஓட்டு. திரும்பு, திருப்பு. இறங்கு, இறக்கு. கவனியுங்கள், மெல்லினமோ இடையினமோ வல்லினமாகிறது, இல்லையேல் ஒற்று இரட்டிக்கிறது. இன்னொருவர் கை பட்டதும் சொல்லே இறுகிவிடுகிறது. நன்னூலார் வி, பி என்று விகுதியும் சொல்லியிருக்கிறார். செய்வி என்றால் ஓர் ஏவல். செய்விப்பி என்றால் ஈரேவல், அதாவது ஒருவரிடம் சொல்லி அவர் மூலம் இன்னொருவரைச் செய்ய வைப்பது.

9:50
அம்மா: அத்தான், அந்த ஈரேவல்தான் எங்க வீட்டுல நடக்குது. நான் இவர்கிட்ட சொல்லி, இவரு பையன்கிட்ட சொல்லி, குப்பை இன்னும் வாசல்லயே இருக்கு.

9:55
அண்ணி: கயல், அகில் இந்த விஷயத்துல சொதப்புறான். தினமும் சாயங்காலம் வண்டிகிட்ட போய் நின்னு "அப்பா, என்னை ஏறு, என்னை ஏறு"ங்கிறான். நேத்து "நான் பொம்மைய விழுந்துட்டேன்"னு அழுதான். நாலு வயசு ஆச்சு. பயப்படணுமா?

9:58
கயல்: ஐயோ அண்ணி, ஒண்ணும் இல்ல. ஏறு, விழு எல்லாம் தெரிஞ்சிருச்சு, ஏத்து, தள்ளி விடு இன்னும் பிடிபடல. மெலிசா பவர்மன்னு ஒரு ஆராய்ச்சியாளர் தன் சொந்தப் பொண்ணுங்க பேசுறதயே வருஷக்கணக்கா எழுதி வெச்சாங்க. அதுல ஒண்ணு "டோன்ட் கிகிள் மீ". என்னைச் சிரிக்க வைக்காதேங்கிறதுக்கு "என்னைச் சிரிக்காதே"ன்னிருக்கு அந்தப் பாப்பா. அகில் சொல்றத எழுதி வைங்க, எனக்கு வேணும்.

10:02
குமார் மாமா: இங்கிலீஷ்ல இந்தத் தொல்லையே இல்லல்ல? எல்லாத்துக்கும் மூவ்தான்.

10:05
கயல்: அங்க வேற கூத்து மாமா. அடீல் கோல்ட்பர்க்னு ஒரு மொழியியல்காரங்க 1995ல எழுதுன புத்தகத்துல பிரபலமான உதாரணமே தும்மல்தான். ஒருத்தன் தும்முனான், மேஜை மேல இருந்த துணி பறந்து கீழ விழுந்துச்சு. இங்கிலீஷ்காரங்க "துணியத் தும்மினான், மேஜைலேர்ந்து கீழே"ங்கிற மாதிரி ஒரே வாக்கியத்துல முடிச்சிருவாங்க. தும்முறதுல தள்ளுறதே கிடையாது, வாக்கிய அமைப்பே தள்ளுதுங்கிறாங்க கோல்ட்பர்க். நமக்கு "தும்முனதுல துணி பறந்து போச்சு"ன்னு ரெண்டா பிரிக்காம வராது.

10:06
ஆச்சி: நல்ல வேளை.

10:41
ஆச்சி: கோவில்பட்டி வந்தாச்சு. மேலேர்ந்து என் தோள்ல சொட்டுச் சொட்டா எண்ணெய் விழுது. ஜாடி உருண்டு கெடக்கு. பக்கத்து சீட்டுப் பொண்ணு சேலையிலயும் பட்டுருச்சு. கண்டக்டர் வந்து யாரும்மா உருட்டுனதுங்கான்.

10:42
அம்மா: குமார், ஜாடிய நிக்க வெச்சியா, படுக்கப் போட்டியா?

10:44
குமார் மாமா: வெச்சேன்க்கா.

10:44
அம்மா: அதான் எப்படி வெச்ச?

10:46
குமார் மாமா: ரேக்கு உயரம் கம்மி.

10:46
அம்மா: நான் ரேக்கக் கேக்கல.

10:49
குமார் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

10:52
கயல்: மாமா "வெச்சேன்"ல ஒளிஞ்சிக்கிடுதாரு 😄 வைங்கிற சொல்லு நிக்கிறதுக்கும் பொருந்தும், படுக்கிறதுக்கும் பொருந்தும். டச்சு மொழியில அப்படித் தப்பிக்க முடியாது. நிக்கிற மாதிரி வைக்கிறதுக்கு ஒரு வினை, படுக்கிற மாதிரி வைக்கிறதுக்கு வேற வினை, ரெண்டுல ஒண்ணச் சொல்லியாகணும். புவனா நரசிம்மன், மரியான் குல்பெர்க்னு ரெண்டு பேர் 2011ல வந்த கட்டுரையில தமிழ்ப் பிள்ளைங்களையும் டச்சுப் பிள்ளைங்களையும் ஒப்பிட்டிருக்காங்க. டச்சுப் பிள்ளைங்க தினமும் அந்த ரெண்டு வினையும் கேட்டே வளந்தும், நிக்க வெச்சதுக்கும் படுக்க வைக்கிற வினையவே போட்டு அடிக்கிறாங்க. நம்ம பிள்ளைங்க "நிக்க வை", "படுக்க வை"ய கேக்குறதே கம்மி. ஆனா சொன்னா சரியாச் சொல்றாங்க.

10:53
அண்ணி: எப்படி?

10:54
கயல்: சொல்லே காட்டிக் குடுக்குதே அண்ணி. நிக்கிறதும் தெரியும், வைக்கிறதும் தெரியும். ரெண்டையும் சேத்தா முடிஞ்சுது. டச்சுச் சொல்ல உடைச்சுப் பாத்தா உள்ள என்ன இருக்குன்னு பிள்ளைக்குத் தெரியாது.

10:58
அண்ணி: அகில்கிட்ட இப்பத்தான் தண்ணி பாட்டிலப் படுக்க வெச்சுக் காட்டி, என்ன பண்ணேன்னு கேட்டேன். "தூங்க வெச்சுட்டீங்க"ன்னான்.

10:59
பெரியப்பா: முழு மதிப்பெண்.

11:03
அம்மா: அம்மா, அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டுக்கோங்க. குமாரு, அடுத்த தடவை ஜாடிய நிக்க வெச்சு, ரெண்டு பக்கமும் துணிய அண்டக் குடுத்து வை.

11:05
குமார் மாமா: சரிக்கா. படுக்கத்தான் போட்டேன். நிக்க மாட்டேன்னுச்சு.

11:06
ஆச்சி: ஜாடி சொல்லுச்சாக்கும்.

மதியம் 12:57
ஆச்சி: மாட்டுத்தாவணி வந்தாச்சு. இறங்கிட்டேன். யாரும் இறக்கி விடல. ஜாடிய மட்டும் அந்தப் பொண்ணு இறக்கிக் குடுத்துச்சு, பாதி ஊறுகா அதுக்கே குடுத்துட்டேன்.