வெஸ்டர்னில் தெரியும் ஈஜிஎஃப்ஆர், ஃப்ளோவில் ஏன் தெரியவில்லை?

செல்சவ்வு (கேள்வி)

வணக்கம். ஆய்வில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ஏ431 என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில் ஈஜிஎஃப்ஆர் (ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைப் பிடிக்கும் ஏற்பிப் புரதம்) எவ்வளவு இருக்கிறது என்று ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (ஒளிரும் ஆன்டிபாடி ஒட்டிய செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் முறை) அளக்க வேண்டும். ஒரு செல்லுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் இந்த ஏற்பியைச் சுமக்கிற செல் இது. ஆன்டிபாடி போட்டால் ஒளிர்வு வரைபடத்தின் சிகரம் வலது ஓரத்துக்கே போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் ஐசோடைப் கன்ட்ரோலும் (ஏற்பியைக் குறிவைக்காத, அதே வகை ஆன்டிபாடி) ஆன்டிபாடி போட்ட குழாயும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. இதே ஆன்டிபாடி வெஸ்டர்னில் (செல்லை உடைத்து, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் முறை) 170 கிலோடால்டன் பக்கத்தில் அவ்வளவு சுத்தமான பட்டையைத் தருகிறது. அளவை இரட்டிப்பாக்கினேன், பிறகு நான்கு மடங்காக்கினேன். பின்னணிதான் ஏறியது. செகண்டரி (முதல் ஆன்டிபாடியில் ஒட்டி ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி) சரியாக இருக்கிறது, வேறொரு ஆன்டிபாடியோடு சோதித்துவிட்டேன். தட்டிலிருந்து செல்களைப் பிரிக்க ட்ரிப்சின் (புரதத்தை வெட்டும் நொதி), 5 நிமிடம். மூன்று வாரம் போய்விட்டது. எங்கே தவறு?

பனிப்பெட்டி

தரவுத்தாளில் இம்யூனோஜென் என்ன என்று பாருங்கள். ஏற்பியின் எந்தத் துண்டைக் கொடுத்து அந்த ஆன்டிபாடியை உருவாக்கினார்கள் என்பதுதான் இங்கே முதல் கேள்வி. முதிர்ந்த ஈஜிஎஃப்ஆரின் 1,186 அமினோ அமிலங்களில் 621 வெளியே நிற்கின்றன, 23 சவ்வுக்குள், மீதி 542 செல்லுக்கு உள்ளே. வெஸ்டர்னுக்கு என்று விற்கப்படும் பல ஆன்டிபாடிகள் உள்பக்க வால்நுனியைப் பிடிப்பவை. உயிருள்ள செல்லின் சவ்வைத் தாண்டி அவை போகாது. எத்தனை மடங்கு போட்டாலும் அப்படித்தான்.

செல்சவ்வு

பார்த்தேன். சி-முனைப் பெப்டைடு (அந்த உள்பக்க வால்நுனியின் துண்டு) என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. படித்த தாள்தான், அந்த வரி கண்ணில் படவே இல்லை. செல்களை நிலைப்படுத்தி, சவ்வில் துளையிட்டுப் போட்டதும் சிகரம் நகர்ந்துவிட்டது. ஆனால் அப்போது உள்ளே இருக்கும் ஏற்பியும் சேர்ந்துதானே வரும்? எனக்கு மேற்பரப்பு மட்டும் வேண்டும்.

மூன்றாம்தளம்

அப்படியானால் வெளிப்பகுதியைப் பிடிக்கும் க்ளோன் (ஒரே செல்வழியிலிருந்து வரும் ஆன்டிபாடி) வாங்குங்கள். 528, 225 இரண்டும் 1980களின் தொடக்கத்திலிருந்து புழங்கி வருபவை. செடுக்சிமேப் என்ற புற்றுநோய் மருந்து 225-லிருந்து வந்ததுதான். ஆன்டிபாடி வகையில் 528 ஐஜிஜி2ஏ, 225 ஐஜிஜி1, எனவே ஐசோடைப் கன்ட்ரோலையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இரண்டும் மனித ஏற்பிக்கானவை. நெகட்டிவ் கன்ட்ரோலுக்கு எலிச் செல்லை வைத்தால் அது எதையும் நிரூபிக்காது. கே562 மாதிரி ஈஜிஎஃப்ஆர் இல்லாத மனிதச் செல்லை வையுங்கள்.

ட்ரிப்சினை விட்டுவிடுங்கள். நீங்கள் தேடுகிற வெளிப்பகுதியையே அது வெட்டக்கூடும். இடிடிஏ (கால்சியத்தைப் பிடித்துச் செல்களை விடுவிக்கும் பொருள்) போதும், கொஞ்சம் பொறுமை வேண்டும். அப்புறம், ஏ431 செல்கள் ஏற்பியின் வெளிப்பகுதியை மட்டும் ஒரு தனிப் புரதமாக, சுமார் 105 கிலோடால்டனில், மீடியத்தில் விடும். சரியாகக் கழுவாவிட்டால் உங்கள் ஆன்டிபாடியில் ஒரு பங்கு அதனிடம் போய்விடும். ஸ்டெயினிங் முழுவதும் ஐஸில் நடக்கட்டும், பஃபரில் சோடியம் அசைடு இருக்கட்டும். இந்த ஆன்டிபாடிகளுக்கு இரண்டு கை. சூட்டில் விட்டால் ஏற்பிகளை இணைத்து அவையே உள்ளே இழுத்துவிடும்.

செல்சவ்வு

528 வந்தது. ஐஸ், இடிடிஏ, மூன்று முறை கழுவல். சிகரம் நான் கற்பனை செய்திருந்த இடத்திலேயே நின்றது! கே562 அசையவில்லை. உங்கள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

அடுத்த வேலையையும் தொடங்கிவிட்டேன். 37 டிகிரியில் 30 நிமிடம் ஈஜிஎஃப் கொடுத்ததும் சராசரி ஒளிர்வு 41,000-லிருந்து 9,000-க்கு இறங்கியது. ஏற்பி உள்ளே போய்விட்டது என்று எழுதலாம்தானே?

பனிப்பெட்டி

இன்னும் எழுத வேண்டாம். ஈஜிஎஃப் உட்காரும் இடத்தை 528 மறைக்கும். அதாவது ஈஜிஎஃப் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் 528-க்கு இடம் இல்லை. ஏற்பி வெளியிலேயே நின்றாலும் ஒளிர்வு குறையும். உங்கள் எண்ணில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன.

ஒரு குழாய் கூடுதலாக வையுங்கள்: அதே அளவு ஈஜிஎஃப், ஆனால் தொடக்கத்திலிருந்தே ஐஸில். குளிரில் ஈஜிஎஃப் ஒட்டும், செல் உள்ளிழுக்காது. அங்கேயும் ஒளிர்வு குறைந்தால் அது இடப் போட்டி. சூட்டில் வைத்த செல்களை ஐஸில் பிஹெச் 3 பஃபரால் சிறிது நேரம் கழுவி, ஒட்டிய ஈஜிஎஃபை நீக்கிவிட்டும் ஸ்டெயின் செய்யலாம். ஆனால் அதற்குப் பிறகு எத்தனை செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று சாயம் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

மூன்றாம்தளம்

ஆமாம். முடிந்தால் ஈஜிஎஃபோடு போட்டியிடாத, வெளிப்பகுதியின் வேறு இடத்தைப் பிடிக்கும் க்ளோன் ஒன்றையும் வாங்குங்கள். இந்தக் கேள்விக்கு அதுதான் நேர்வழி.

செல்சவ்வு

ஐஸ் குழாய் 12,600. குறைந்ததில் பெரும்பகுதி போட்டிதான். நாளைக் குழுக் கூட்டத்துக்கு "30 நிமிடத்தில் உள்ளே போகிறது" என்று தலைப்பிட்டு ஒரு வரைபடம் தயாராக வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு மூன்று குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டப் போகிறேன். போட்டியிடாத க்ளோனுக்கு ஆர்டர் போட்டாயிற்று. இம்முறை இம்யூனோஜென் வரியைத்தான் முதலில் படித்தேன்.